கொலம்பஸ் கரை சேராத உலகம்

'இது நடவாதிருந்தால்?' என்னும் வினா மனித மனத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. கூனியின் சொல் கைகேயியின் செவியில் ஏறாதிருந்தால் இராமன் காடேகியிருக்க மாட்டான். மதுரையின் தெருவில் கோவலன் அந்தப் பொற்கொல்லனை எதிர்ப்படாதிருந்தால் கூடல் மாநகர் எரிந்திராது. காவியம் கேட்ட ஒவ்வொரு தலைமுறையும் இவ்வாறு ஏங்கியே வந்திருக்கிறது. அந்த ஏக்கத்தையே ஓர் இலக்கிய வகையாக்கி, வரலாற்றின் ஒரு முடிச்சை அவிழ்த்து வேறுவிதமாகக் கட்டிப் பார்க்கும் புதினங்கள் மேலைநாடுகளில் பெருகியுள்ளன. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தை அக்காலத்தில் சென்றடையாதிருந்தால், அல்லது சென்றும் வெல்லாதிருந்தால் உலகம் என்னவாகியிருக்கும் என்று கேட்கும் மூன்று புதினங்களை இங்கே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வோம். முதலாவது, ஆர்சன் ஸ்காட் கார்டு 1996இல் வெளியிட்ட 'பாஸ்ட்வாட்ச்'. இரண்டாவது, கிம் ஸ்டான்லி ராபின்சன் 2002இல் வெளியிட்ட 'அரிசியும் உப்புமான ஆண்டுகள்'. மூன்றாவது, லோரான் பினே பிரெஞ்சு மொழியில் எழுதி 2019இல் வெளியிட்டு, அவ்வாண்டே பிரெஞ்சு அக்கதெமியின் புதினப் பரிசைப் பெற்ற 'சிவிலிசாசியோன்'.

இவற்றை எந்த அளவுகோலால் அளப்பது? நடவாததைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு என்று ஒதுக்கிவிட இயலாது. விவிலியமே அவ்வாறு பேசுகிறது. கெயிலா நகரில் தங்கியிருந்த தாவீது, சவுல் இங்கு வருவானா, இந்நகர மக்கள் என்னை அவனிடம் ஒப்படைப்பார்களா என்று இறைவனிடம் கேட்கிறார். இரண்டுக்கும் ஆம் என்றே மறுமொழி கிடைக்கிறது. தாவீது உடனே நகரை விட்டு வெளியேறுகிறார். சவுலும் வரவில்லை, நகரத்தாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆக, நடவாமலே போன ஒரு துரோகம் அங்கே முன்னுரைக்கப்பட்டது. ஆண்டவர் இயேசுவும், கொராசினிலும் பெத்சாய்தாவிலும் செய்த வல்ல செயல்களைத் தீரிலும் சீதோனிலும் செய்திருந்தால் அந்நகர்கள் எப்போதோ மனம் மாறியிருக்கும் என்கிறார். இவ்விரு பகுதிகளையும் கொண்டே இயேசு சபை இறையியலார் லூயிஸ் டி மோலினா, 1588இல் லிஸ்பனில் அச்சான தம் நூலில், சுதந்திர மனிதன் எந்தச் சூழலில் எதைத் தெரிந்துகொள்வான் என்பதையும் இறைவன் அறிவார் என்று வாதிட்டார். அதனை எதிர்த்துத் தோமினிக் சபையார் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டதைக் குருமட மாணவர் அனைவரும் அறிவர்.

அவ்வழக்குக்குள் நாம் புக வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கருத்தில் கொள்வோம். கெயிலாவில் கேட்ட மறுமொழி தாவீதைச் செயலுக்குத் தூண்டியது; தீர், சீதோன் பற்றிய சொல் கொராசினை மனமாற்றத்துக்கு அழைத்தது. நடவாததைப் பற்றிய பேச்சு, நடந்ததற்கான நம் பொறுப்பைக் கூர்மையாக்க வேண்டும். அந்தப் பொறுப்பிலிருந்து நழுவ அது வழி செய்யுமானால், எத்துணை அழகாக எழுதப்பட்டிருப்பினும் அது பகற்கனவே. இதுவே நம் அளவுகோல்.

நூல்களைத் தொடுமுன், நம் கண்ணெதிரே இருக்கும் சேர்வராயன் மலையை ஒரு கணம் நோக்குவோம். ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் வெள்ளி ஓக் மரம் ஆஸ்திரேலியாவுக்கு உரியது. அதன்மீது படரும் மிளகுக் கொடி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. கீழே நிற்கும் காப்பிச் செடி எத்தியோப்பியாவில் பிறந்து ஏமன் வழியாக வந்தது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் அதனை இம்மலையில் பயிரிடச் செய்தார். தோட்ட வேலிகளிலும் காட்டோரங்களிலும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியோ அமெரிக்காவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டு, பிறகு நாடெங்கும் காடுகளை விழுங்கியது. ஒரே கொல்லையில் நான்கு கண்டங்கள்!

கொலம்பஸ் கரை சேராத உலகில் இவற்றுள் எவை எஞ்சும்? காப்பியும் மிளகும் பலாவும் எஞ்சும். கொய்யாவும் வெண்ணெய்ப் பழமும் மறையும். மலையடிவாரத்தில் இழப்பு இன்னும் பெரிது. சேலத்துச் சவ்வரிசிக்கு மூலமான குச்சிக்கிழங்கு தென் அமெரிக்காவுக்கு உரியது. இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர், மலேயா வரத்து நின்றபோது 1943 அளவில் இங்கே தொடங்கிய தொழில், 1981இல் கூட்டுறவுச் சங்கமாய்த் திரண்டு, 2023இல் புவிசார் குறியீடு பெறும் அளவுக்கு வளர்ந்தது. அந்தத் தொழில் முழுவதும் அக்கிழங்கோடு மறைந்துபோகும். நம் அடுக்களையிலோ மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எதுவுமே இராது.

நம் மொழியே இதற்குச் சான்று கூறுகிறது. பறங்கிக்காய் என்னும் பெயரில் பறங்கியர் இருக்கின்றனர். வட ஆர்க்காட்டார் மல்லாட்டை என்று சொல்லும் மணிலாக் கொட்டையில், மெக்சிகோவுக்கும் பிலிப்பைன்சுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் துறைமுகம் இருக்கிறது. மிளகைத் தேடிச் சென்ற கொலம்பஸ், கரீபியத் தீவுகளில் கண்ட காரக் காய்க்கு மிளகின் பெயரையே வைத்தார். அதே காய் நம்மிடம் வந்தபோது தமிழரும் அதனை மிளகாய் என்றே அழைத்தனர். புதியதைப் பழையதன் பெயரால் அறிவது மனித இயல்பு. பெயரளவில் நிற்கும்போது அதனால் தீங்கில்லை. புதிய மனிதரைக் கண்டபோதும் இவ்வாறே செய்ததுதான் பெருந்தீங்காயிற்று.

இனி நூல்களுக்கு வருவோம். ராபின்சனின் புதினத்தில் 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய் ஐரோப்பிய மக்களை ஏறத்தாழ முழுமையாக அழித்துவிடுகிறது. தைமூரின் படையைச் சேர்ந்த ஒரு மங்கோலிய வீரன் ஆளரவமற்ற ஊர்களுக்குள் நுழைவதோடு கதை தொடங்குகிறது. பின்வரும் பல நூற்றாண்டுகளின் வரலாற்றைச் சீனரும் இஸ்லாமியரும் இந்தியரும் எழுதுகின்றனர். ஜப்பானை நோக்கிச் சென்ற ஒரு சீனக் கப்பற்படை பெருங்கடல் நீரோட்டத்தில் அகப்பட்டு அமெரிக்காவின் மேற்குக் கரையை அடைகிறது. திருவிதாங்கூர் ஓர் அறிவியல் எழுச்சியின் தலைமையிடமாகிறது. கன்னியாகுமரி மாவட்டம் முன்பு அந்த அரசின் பகுதியாய் இருந்ததை நினைக்கும் தமிழ் வாசகருக்கு அப்பகுதி தனி இன்பம் தரும். பிறவிதோறும் பெயர் மாறித் தொடரும் சில ஆன்மாக்களைப் பாத்திரங்களாக்கி, பத்துப் பகுதிகளையும் ஆசிரியர் ஒரே இழையில் கோத்திருக்கும் திறம் பாராட்டத்தக்கது. நூலின் தலைப்பு, குடும்பப் பொறுப்பில் உழைத்துக் கழியும் நடுவயதைக் குறிப்பது. மனித குலமும் அத்தகைய நடுவயதில்தான் இருக்கிறது என்பது அவர் குறிப்பு.

ஆயினும் ஒன்றை நோக்க வேண்டும். ஐரோப்பியரின் பாவத்தை வரலாற்றிலிருந்து நீக்க, ஐரோப்பியரையே நீக்க வேண்டியதாயிற்று. நீக்கிய பின்பும் பாவம் நீங்கவில்லை. சீனக் கப்பல்கள் அம்மை நோயைக் கொண்டு சேர்க்கின்றன. இறுதியில் 67 ஆண்டுகள் நீளும் ஒரு பெரும்போர் உலகைச் சிதைக்கிறது. ஆதாமின் பாவத்துக்குத் தோல் நிறம் இல்லை என்பதை, அந்தச் சொற்களைப் பயன்படுத்தாமலே, இந்நூல் மெய்ப்பிக்கிறது. இது இந்நூலின் நேர்மை. ஐரோப்பாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நாம் நிம்மதியாக வெளியேற ஆசிரியர் வழி விடவில்லை.

பினேயின் புதினம் அளவில் சிறியது, எள்ளல் மிகுந்தது. வைக்கிங் பெண்ணொருத்தி வடக்கிலிருந்து தெற்கே பயணம் செய்து, குதிரையையும் இரும்பையும் நோய்களையும் பல நூற்றாண்டுகள் முன்னதாகவே அமெரிக்க மக்களிடம் சேர்த்துவிடுகிறாள். எனவே 1492இல் வரும் கொலம்பஸ் வெல்லவில்லை. கியூபாவிலேயே சிறைப்பட்டு மடிகிறார். பிறகு இன்கா அரசன் அதவால்பா, உடன்பிறந்தான் குவாஸ்கருக்கு அஞ்சிக் கடல் கடந்து, 1531இல் நிலநடுக்கத்தால் நொறுங்கிய லிஸ்பனில் கரையிறங்குகிறான். அந்நிலநடுக்கம் மெய்யாகவே நிகழ்ந்தது. உண்மை வரலாற்றில் 1532 நவம்பர் 16 அன்று காகமார்க்காவில், 168 பேரோடு வந்த பிசாரோ அதவால்பாவைச் சிறைபிடித்தார். புதினத்தில் அக்காட்சி தலைகீழாகிறது: இருநூறு பேருக்கும் குறைவான இன்காக்களோடு வந்த அதவால்பா, பேரரசர் ஐந்தாம் சார்லசைச் சலமான்காவில் சிறைபிடிக்கிறான். அவன் ஆட்சியில் மதவிசாரணை மன்றம் ஒழிகிறது. சூரிய வழிபாடு பரவுகிறது.

நம் சமயத்தை அயலார் கண்ணால் பார்க்க வைக்கும் அப்பகுதிகள் ஒரு குருவைச் சினமூட்டும் என எதிர்பார்க்கலாம். சினத்துக்கு அங்கே இடமில்லை. சிலுவையில் அறையப்பட்ட ஒருவரைக் கடவுளாக வணங்குவது அறியாதவருக்கு எத்துணை வியப்பாயிருக்கும் என்பதைத் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போதே அறிந்திருந்தார். இந்நூலின் குறை வேறிடத்தில் உள்ளது. ஆண்டான் அடிமையாகிறான், அடிமை ஆண்டானாகிறான். அரியணையோ அப்படியே இருக்கிறது. வென்றவன் சற்றுக் கனிவுள்ளவன் என்பதே மாற்றம். இடம் மாற்றிப் பார்ப்பது நகைப்புக்கு உதவும். நீதிக்கு அது போதாது. இறுதியில் செர்வாந்தேசை மையமாக்கி வரும் பகுதி, இந்த வெற்றியும் நிலையற்றது என்று உணர்த்துகிறது. அவ்வுணர்வு நூலின் நடுவிலேயே சற்று ஆழமாக இறங்கியிருக்கலாம்.

மூன்று நூல்களில் குற்றவுணர்வை நேரடியாகப் பேசுவது கார்டின் நூலே. அழிவின் விளிம்பிலுள்ள எதிர்கால உலகில், கடந்த காலத்தைக் காணும் கருவியுடைய ஆய்வாளர்கள் அடிமைகளின் துயரைக் கண்ணுற்று, வரலாற்றைத் திருத்த முடிவு செய்கின்றனர். மூவர் காலத்தில் பின்னோக்கிச் செல்கின்றனர். கொலம்பஸின் கப்பல்கள் அழிக்கப்படுகின்றன. அவர் திரும்ப முடியாமல் தீவு மக்களோடு வாழ்ந்து மனம் மாறுகிறார். பல்லாண்டுகளுக்குப் பின் இரு உலகங்களும் சமநிலையில் சந்திக்கின்றன. இதற்கு விலையாக, அந்த ஆய்வாளர்கள் வாழ்ந்த உலகம் முழுவதும் இல்லாமலே போகிறது. அதை அறிந்தே அவர்கள் இசைகின்றனர்.

இங்கேதான் ஒரு கிறிஸ்தவ வாசகன் நின்று நிதானிக்க வேண்டும். ஒரு வரலாற்றை அழித்தால் அதில் பிறந்தவர்களும் அழிவர். பெரு நாட்டின் லீமா நகரில் 1579இல் பிறந்த புனித மார்ட்டின் தே போரஸ், ஸ்பானியப் பிரபு ஒருவருக்கும் விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்ணொருத்திக்கும் மகன். கலப்பினத்தவர் என்பதால் துறவு மடத்தில் ஊழியராகவே ஏற்கப்பட்டு, நோயுற்றோர்க்குப் பணிபுரிந்து 1639இல் மறைந்தவர். 1962இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். அடிமைக் கப்பல் இல்லாத உலகில் மார்ட்டின் இல்லை. அப்படியானால் அடிமைக் கப்பல் வேண்டியிருந்ததா? ஒருபோதும் இல்லை. காயத்திலிருந்து அருள் பிறக்கிறது என்பதால் காயப்படுத்தியவன் நியாயவானாவதில்லை. யோசேப்பின் சகோதரர் செய்த தீமையை இறைவன் நன்மையாக மாற்றினார். ஆயினும் சகோதரர் செய்தது தீமையே. இந்த இரண்டு உண்மைகளையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வது கடினம். ஒன்றை விட்டால் பழையதைப் போற்றும் வெற்றிப் பெருமிதம் மிஞ்சும். மற்றதை விட்டால் பழையதை அழித்துவிடும் வெறி மிஞ்சும். கார்டு அழிக்கும் வழியைத் தெரிந்துகொண்டார். எனினும் தம் பாத்திரங்களை அதற்காகக் கலங்க வைத்திருப்பது அவர் மனச்சான்றுக்குப் பெருமை.

மூன்று ஆசிரியர்களும் ஒரே இடத்தில் இடறுவதைக் காணலாம். அது நோய். அம்மை 1518இல் எஸ்பானியோலா தீவிலும் 1520இல் மெக்சிகோவிலும் புகுந்தது. தொடர்ந்து வந்த நோய்களாலும் கொடுமைகளாலும் பல பகுதிகளில் பத்தில் எட்டு ஒன்பது பேர் மடிந்தனர் என்பது ஆய்வாளர் பலர் மதிப்பீடு. கப்பலில் வந்தவர் தூயவராயிருந்தாலும் அவர் மூச்சில் நோய் இருந்திருக்கும். ஆகவே பினே வைக்கிங்குகள் மூலம் நோயெதிர்ப்பை முன்னரே வழங்குகிறார். கார்டு எதிர்காலத்திலிருந்து அதனைக் கொண்டுவருகிறார். ராபின்சன் அம்மை குத்தும் முறையை அறிந்த ஒரு ஜப்பானியனை வட அமெரிக்கப் பழங்குடிகளிடம் அனுப்புகிறார்.

இன்னொரு தடையும் உண்டு. கொலம்பஸ் இல்லாவிட்டாலும் தொடர்பு நிகழாமல் இருந்திருக்குமா? வாஸ்கோட காமா 1498இல் ஆப்பிரிக்காவைச் சுற்றியே கோழிக்கோட்டை அடைந்தார். அவருக்குப் பின் கேரளத்தை நோக்கிப் புறப்பட்ட கப்ரால், அட்லாண்டிக் கடலில் மேற்கே விலகிச் சென்று 1500 ஏப்ரலில் பிரேசிலின் கரையைத் தொட்டார். அதாவது நம் மலைகளின் மிளகைத் தேடி வந்த கப்பலே வழியில் அமெரிக்காவைக் கண்டது! கொலம்பஸ் என்ற ஒரு மனிதரை நீக்கிவிட்டால் கதை மாறிவிடும் என்பது மேலோட்டமான நினைவு. ஒரு கண்டத்தைக் கொல்லும் கொள்ளைநோயோ, வைக்கிங் பெண்ணோ, கால எந்திரமோ இன்றி இவ்வாசிரியர்களால் அந்தச் சந்திப்பைத் தடுக்கவோ திருப்பவோ முடியாமற் போனதற்குக் காரணம் இதுவே.

அவ்வாறாயின் நடந்தது நடந்தே தீர வேண்டியதா? இவ்வினாவுக்கு மறுமொழி எந்தப் புதினத்திலும் இல்லை. ஒரு மறையுரையில் இருக்கிறது. 1511 டிசம்பர் 21, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. எஸ்பானியோலா தீவின் சாந்தோ தோமிங்கோவில் தோமினிக் சபைத் துறவி அந்தோனியோ தே மொந்தெசினோஸ் மறையுரை மேடை ஏறினார். தங்கத்துக்காகத் தீவு மக்களை வதைத்துக் கொல்லும் உரிமை எங்கிருந்து வந்தது என்று அங்கிருந்த ஸ்பானியரைக் கேட்டார். இந்நிலையில் அவர்களுக்கு மீட்பு இல்லை என்று எச்சரித்தார். அது ஒருவரின் தனிக்குரல் அன்று. தலைவர் பெத்ரோ தே கோர்தோபாவும் மற்றத் துறவிகளும் கூடி எழுதிக் கையொப்பமிட்ட உரை அது. ஆளுநராயிருந்தவர் கொலம்பஸின் மகன் தியேகோ. அவரும் மற்றவர்களும் மடத்துக்குச் சென்று, சொன்னதைத் திரும்பப் பெறுமாறு வற்புறுத்தினர். அடுத்த ஞாயிறன்று மொந்தெசினோஸ் முன்னிலும் கடுமையாகப் பேசினார்.

இந்நிகழ்ச்சியை நமக்குப் பதிவு செய்து வைத்தவர் பர்த்தொலொமே தே லாஸ் கசாஸ். அவரும் அக்காலத்தில் தீவு மக்களை வேலைவாங்கி வாழ்ந்த ஒருவரே. 1514இல்தான் அவற்றைத் துறந்தார். அதன் பின்னும், தீவு மக்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஒரு கட்டத்தில் கூறி, பிற்காலத்தில் அதற்காக மனம் நொந்து எழுதினார். 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அம்மக்கள் உண்மையான மனிதர்; அவர்தம் சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று அறிவித்தார். அவ்வறிவிப்பு ஏட்டளவிலேயே பெரிதும் நின்றது. முந்திய நூற்றாண்டில் திருத்தந்தையர் வழங்கிய ஆணைகளை ஆதாரமாக்கி எழுந்த 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' வத்திக்கான் வெளிப்படையாக மறுத்துரைக்க 2023 மார்ச் வரை காலம் சென்றது.

இதன் பொருள் என்ன? வேறொரு வரலாறு 1511இலேயே, அந்தத் தீவிலேயே, ஆளுநரின் செவியிலேயே முன்வைக்கப்பட்டது. அதற்குக் கால எந்திரம் தேவைப்படவில்லை. கேட்டவர்கள் மறுத்தார்கள், அவ்வளவே. அம்மையைத் தடுக்க அன்று எவராலும் இயன்றிராது. சுரங்கத்தையும் சாட்டையையும் தடுக்க இயன்றிருக்கும். நோயுற்றவனை வேலைக்கு விரட்டாமல் படுக்க விட்டிருக்க இயன்றிருக்கும். இயற்கையால் நேர்ந்த சாவையும் மனிதனால் நேர்ந்த சாவையும் பிரித்தறிய உதவுவதே 'நடவாதிருந்தால்' என்னும் வினாவின் உண்மைப் பயன். மனத்துயர் என்பதே, நான் வேறுவிதமாகச் செய்திருக்கக் கூடும் என்று அறிவதுதானே? அத்துயர் இல்லாத மாற்று வரலாறு வெறும் விளையாட்டு. இந்த அளவில் ராபின்சன் நம்மை மிக அருகே கொண்டுசெல்கிறார். கார்டு மனத்துயரைத் தொட்டு, பிறகு அதனை ஒரு சாதனையாக்கிவிடுகிறார். பினே நகைத்து நகர்ந்துவிடுகிறார்.

தமிழில் இத்தகைய ஒரு புதினம் எழுதப்படுமானால் அதற்குச் சேர்வராயன் மலை தகுந்த களமாகும். இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோரான சகோதரர் மூவர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து இம்மலைகளில் குடியேறினர் என்று கூறிவருகின்றனர். மலையின் மக்களே தம்மை வந்தேறியவராகச் சொல்லிக்கொள்ளும் அக்கதை, யார் மண்ணின் முதல்வர் என்ற செருக்குக்கு இடம் தராத ஒன்று. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த அம்மலைக்கு 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்கள் வந்தன. 20ஆம் நூற்றாண்டில் மேட்டூரின் அலுமினியத் தொழிலுக்காகப் பாக்சைட் தோண்டப்பட்டது. அதற்கும் முன்னரே, 1623இல், தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தே நொபிலி மதுரையிலிருந்து சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். படையின்றி, மக்களின் மொழியைக் கற்று வந்த ஐரோப்பியர் அவர். அவரும் சாதியின் கட்டமைப்பை ஏற்றே பணியாற்றினார் என்பதை மறைப்பதற்கில்லை. சந்திப்புகள் எத்தனை வகை! ஒவ்வொன்றிலும் வேறு வழி ஒன்று திறந்தே இருந்திருக்கிறது.

எழுதுபவர் ஒன்றை மறவாதிருந்தால் போதும். மலைக்கு யார் வந்தார்கள் என்பதைவிட, வந்தவர் முதலில் எதைக் கேட்டார் என்பதே கதை. பெயரைக் கேட்டாரா, நிலத்தின் விலையைக் கேட்டாரா? சாந்தோ தோமிங்கோவில் அந்த வினாவைத் தாமதமாகவேனும் ஒருவர் மேடையேறி எழுப்பினார். சமவெளியிலிருந்து மலையேறும் வணிகர், அலுவலர், பயணி, மறைப்பணியாளர் ஆகிய நம் ஒவ்வொருவர்க்கும் அவ்வினா இன்றும் உரியது. 1492ஐ நம்மால் மாற்ற இயலாது. ஒரு மலைக்கிராமத்தின் வாயிலில் இன்று நாம் எப்படி நிற்கிறோம் என்பதை மாற்ற இயலும்.